மறைந்துபோகும் கார்க் கைப்பிடிகளும் மலையக வீதிகளும்

மோட்டார் கார் ஒன்றின் கதவுக் கைப்பிடி, அரசாங்கமொன்று சட்டமியற்றித் தீர்க்கவேண்டிய விடயமா என்ற கேள்வி சில ஆண்டுகளுக்கு முன்னர் எழுந்திருந்தால் பலரும் நகைத்திருப்பர். ஆனால், உலகிலேயே மிக அதிகளவில் மின்சாரக் கார்களைத் தயாரிக்கும் சீனா, 2026 பெப்ரவரியில் இவ்விடயம் தொடர்பில் கட்டாயத் தரநியமமொன்றை வெளியிட்டிருக்கிறது. 2027 ஜனவரி முதலாம் திகதி முதல் அந்நாட்டில் புதிதாக அங்கீகாரம் பெறும் கார்களின் ஒவ்வொரு பக்கக் கதவும் மின்சாரத்தின் துணையின்றி, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கையால் திறக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். ஏற்கனவே அங்கீகாரம் பெற்ற மாதிரிகளுக்கு 2029 ஜனவரி வரை அவகாசம் வழங்கப்பட்டுள்ளது. கதவின் மேற்பரப்போடு மேற்பரப்பாக ஒட்டி மறைந்திருந்து, உரிமையாளர் அருகே வரும்போது மாத்திரம் வெளியே நீளும் நவநாகரிகக் கைப்பிடிகளுக்கு இதன்மூலம் கடிவாளம் இடப்பட்டுள்ளது.

கண்டி நகரிலிருந்து கலஹா வழியாக வளைந்து வளைந்து ஏறினால் வந்தடையும் தெல்தோட்டையில் வாழும் ஒருவருக்கு இந்தச் செய்தியில் என்ன அக்கறை இருக்க முடியும்? விலையுயர்ந்த மின்சாரக் கார் அங்கு அன்றாடக் காட்சி அல்ல. பஸ்ஸும், முச்சக்கரவண்டியும், கொழுந்து ஏற்றும் லொறியுமே அவ்வீதியின் வாகனங்கள். அங்கு குளிர் உண்டு, மூடுபனி உண்டு. ஆனால், கதவை உறையச் செய்யும் பனி இல்லை. எனினும், இந்தக் கைப்பிடி விவகாரம் தெல்தோட்டை போன்ற மலையகச் சிறுநகரங்களைத் தொடும் என்பதற்குத் தக்க காரணங்கள் உள்ளன. அவற்றை விளங்கிக்கொள்வதற்கு, கைப்பிடி என்ற அந்தச் சிறு பொருள் எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் பார்த்தல் வேண்டும்.

வழக்கமான கார்க் கைப்பிடியின் தத்துவம் மிக எளியது. கைப்பிடியை இழுக்கும்போது அதனோடு இணைந்த உலோகக் கம்பி, கதவினுள் இருக்கும் பூட்டின் கொக்கியை விடுவிக்கிறது. கதவு திறக்கிறது. இழுப்பவரின் கையில் உள்ள வலுவே அங்கு வேலை செய்கிறது. இடையில் வேறு எதுவும் இல்லை. மின்சாரக் கைப்பிடியிலோ நிலைமை வேறு. கையின் தொடுகையை ஓர் ஆளி உணர வேண்டும். அந்தச் செய்தி கட்டுப்பாட்டுக் கணினிக்குச் செல்ல வேண்டும். கணினி அனுமதித்தால் சிறிய மோட்டார் ஒன்று சுழன்று கொக்கியை விடுவிக்க வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கதவு திறவாது. இச்சங்கிலி முழுவதற்கும் சக்தி அளிப்பது, காரை ஓட்டும் பெரிய மின்கலத் தொகுதி அல்ல. விளக்குகளுக்கும் பூட்டுகளுக்குமென உள்ள சிறிய 12 வோல்ட் பற்றரியே ஆகும் என்பது பலரும் அறியாத உண்மை.

இவ்வகைக் கைப்பிடியைப் பிரபலப்படுத்தியது, அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் 2012இல் சந்தைக்கு அனுப்பிய மாடல் எஸ் கார் ஆகும். கதவின் மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் காற்றின் தடை குறையும், ஒருமுறை மின்னேற்றினால் செல்லக்கூடிய தூரம் சற்றுக் கூடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அது பொய்யல்ல; ஆனால், அந்த இலாபம் மிகச் சிறிது. உண்மையான காரணம் தோற்றமே. கைப்பிடி தானாக நீண்டு உரிமையாளரை வரவேற்பது புதுமையின் அடையாளமாயிற்று. பின்னர் வந்த நிறுவனங்கள் பலவும் அதனைப் பின்பற்றின. மின்சாரக் கார் என்றால் கைப்பிடி மறைந்திருக்க வேண்டும் என்பதுபோன்ற எண்ணம் வாங்குவோர் மத்தியிலும் பரவிற்று. இவை இரண்டுக்கும் கட்டாயத் தொடர்பு எதுவும் கிடையாது. இலங்கையில் நன்கறியப்பட்ட சீனாவின் பீவைடி நிறுவனத்தின் தயாரிப்புகளையே எடுத்துக்கொண்டால், அட்டோ 3, டொல்பின் ஆகிய மாதிரிகளில் வழமையான கைப்பிடிகளே உள்ளன. சீல் என்ற மாதிரியிலேயே மறைந்திருக்கும் கைப்பிடி உள்ளது.

இந்த அழகியலின் முதற்பரீட்சை குளிர் நாடுகளில் நிகழ்ந்தது. நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் அதிகரிக்கிறது. பகலில் உருகிய பனியோ மழைநீரோ கைப்பிடியின் விளிம்பில் உள்ள மெல்லிய இடைவெளிக்குள் இறங்கி, இரவில் அங்கேயே உறைந்து விரிகிறது. காலையில் கைப்பிடியைச் சுற்றி ஒரு கண்ணாடிச் சட்டம் போன்று பனிக்கட்டி இறுகியிருக்கும். சிறிய மோட்டாரின் வலு அதனை உடைக்கப் போதாது. கதவின் விளிம்பிலுள்ள இறப்பர் பட்டியும் உடலோடு ஒட்டி உறைந்துவிடுகிறது. பழைய கைப்பிடியாயின், கையுறை அணிந்த கையால் முழுப் பிடியாகப் பிடித்து உடல் வலுவைக் கொண்டு இழுக்கலாம். பனி உடைந்து கதவு வரும். மறைந்த கைப்பிடியில் பிடிப்பதற்கே ஒன்றும் இல்லை. கண்ணாடிக்குச் சட்டமில்லாத கதவுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. கதவு திறக்கும் கணத்தில் கண்ணாடி சிறிது கீழிறங்க வேண்டும். அது உறைந்திருந்தால் கதவைத் திறப்பதும் கடினம், மீண்டும் மூடுவதும் கடினம்.

கடுங்குளிர் பற்றரியையும் தாக்குகிறது. பற்றரியின் உள்ளே நிகழும் இரசாயன மாற்றங்கள் குளிரில் மந்தமாகின்றன. சாதாரண ஈய அமில பற்றரி, உறைநிலைக்குக் கீழே 18 பாகை செல்சியஸில் தனது வலுவில் ஏறத்தாழ பாதியை இழந்துவிடும். எந்த வேளையில் கைப்பிடிக்கு அதிக வலு தேவைப்படுகிறதோ, அதே வேளையில் வலுவைக் கொடுக்கும் பற்றரி தளர்ந்து நிற்கிறது. அழகாக வரையப்பட்ட பொருளொன்று, அது பயன்படும் நாட்டின் காலநிலையோடு பொருந்தாவிடின் என்னவாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

இது நம்மவர்களுக்குத் தொலைதூரக் கதை அல்ல. கனடாவின் ரொறன்ரோ, மொன்றியல் நகரங்களிலும் நோர்வேயிலும் பல்லாயிரக்கணக்கான இலங்கைத் தமிழர் வாழ்கின்றனர். 1980களில் நோர்வேயின் வடகோடியிலுள்ள மீன்பிடிக் கிராமங்களின் தொழிற்சாலைகளில் வேலைக்கமர்ந்த நம்மவர்கள், உறைபனியோடு வாழக் கற்றுக்கொண்ட முதல் தலைமுறையினர். இன்று அதே நோர்வேயில், 2025ஆம் ஆண்டில் விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 96 முழு மின்சாரக் கார்களாகும். ஆகவே, கைப்பிடி உறைவது என்பது அங்கு குடும்பமொன்றின் காலைப்பொழுதைத் தீர்மானிக்கும் விடயம். வேலைக்குச் செல்லும் தாய்க்கும், பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைக்கும் கார்க் கதவு திறந்தால்தான் நாள் தொடங்கும்.

அந்நாடுகளில் வாழ்வோர் இதற்குக் கண்டறிந்துள்ள வழிகள் நடைமுறை அறிவின் நல்ல எடுத்துக்காட்டுகள். புறப்படுவதற்குச் சற்று முன்னரே கைத்தொலைபேசி மூலம் காரின் உட்புறத்தைச் சூடாக்குகின்றனர். பனிக்காலம் தொடங்குமுன்னரே இறப்பர் பட்டிகளில் சிலிக்கோன் பூசி நீர் ஒட்டாமற் செய்கின்றனர். கதவு இறுகியிருந்தால் முதலில் இழுக்காமல் உட்புறமாக உடலால் அழுத்தி, விளிம்பிலுள்ள பனியை நொறுக்கிய பின்னரே திறக்க முயல்கின்றனர். ஒரு கதவு மறுத்தால் வெயில் படும் பக்கத்துக் கதவை முயன்று பார்க்கின்றனர். பனியை உருக்கும் திரவத்தைக் காருக்குள் அல்லாமல் வீட்டிலேயே வைத்திருக்கின்றனர். காருக்குள் வைத்தால், கதவு திறவாதபோது அதனை எடுப்பது எங்ஙனம்? கொதிநீரை ஊற்றுவது மாத்திரம் ஆகாது. கண்ணாடி வெடிக்கும், ஊற்றிய நீரும் சிறிது நேரத்தில் உறைந்து நிலைமையை மேலும் மோசமாக்கும். பனிக்கால நாடுகளுக்குப் புதிதாகச் செல்லும் நம் இளைஞர்கள் இவற்றை அறிந்திருத்தல் நன்று.

எனினும், உறைபனி தரும் தொல்லை பெரும்பாலும் தாமதத்தோடு முடிந்துவிடும். அதே பலவீனம் விபத்து வேளையில் வெளிப்படும்போதுதான் விலை உயிராகிறது. 2025 செப்டெம்பரில் அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், 2021ஆம் ஆண்டு மாடல் வை கார்கள் ஏறத்தாழ 174,000 தொடர்பில் விசாரணையொன்றை ஆரம்பித்தது. பற்றரியின் மின்னழுத்தம் குறைந்த வேளையில் வெளிப்புறக் கைப்பிடிகள் இயங்காமற் போயின. பிள்ளையைப் பின்னாசனத்தில் அமர்த்திவிட்டு அல்லது இறக்குவதற்காக வெளியே வந்த பெற்றோர் கதவைத் திறக்க முடியாமல் நின்றனர். சிலர் கண்ணாடியை உடைத்தே பிள்ளையை மீட்டனர் என்பன அங்கு கிடைத்த முறைப்பாடுகளாகும். இங்கு உறைபனியும் இல்லை, மோதலும் இல்லை. ஒரு சிறிய பற்றரி தளர்ந்தது, அவ்வளவே.

தீ விபத்துகள் இதைவிடக் கொடியவை. 2024 நவம்பரில் கலிபோர்னியாவின் பீட்மொன்ட் நகரில் டெஸ்லா சைபர்ட்ரக் ஒன்று மோதித் தீப்பற்றியதில் கல்லூரி மாணவர் மூவர் உயிரிழந்தனர். 2025 மார்ச் மாதத்தில் சீனாவின் தொங்லிங் நகருக்கு அருகே அதிவேக வீதியில் ஷியோமி எஸ்.யூ.7 கார் மோதித் தீப்பற்றியதில் மாணவியர் மூவர் மாண்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் செங்டு நகரில் அதே நிறுவனத்தின் கார் தீப்பற்றியபோது, வீதியால் சென்றவர்கள் ஓடிவந்து கதவைத் திறக்க முயன்றும், கையால் கண்ணாடியைக் குத்தியும் இயலாமற்போன காட்சி உலகெங்கும் பரவிற்று. சாரதி மது அருந்தியிருந்ததாகச் சந்தேகிக்கப்படுவதாகப் பொலிஸார் தெரிவித்தனர். விபத்துக்கான காரணம் எதுவாகவும் இருக்கலாம். வேகமோ, மதுவோ, தூக்கமோ இருக்கலாம். ஆனால், விபத்துக்குப் பின்னரும் உயிருடன் இருக்கும் ஒருவரை வெளியே எடுக்க முடியாமற்போவது வேறொரு குற்றம். அது வடிவமைப்பின் குற்றம்.

இதற்கு உற்பத்தியாளர் தரப்பில் சொல்லப்படும் பதில், அவசரத் திறப்பான் உள்ளே இருக்கிறது என்பதாகும். உண்மைதான். ஆனால், அது எங்கே இருக்கிறது என்பதே வினா. சில மாதிரிகளின் பின்கதவில் பொருள் வைக்கும் குழியின் அடியிலுள்ள விரிப்பை நீக்கி, மூடியொன்றைத் திறந்து, அதனுள் இருக்கும் கம்பியை இழுக்க வேண்டும். மாடல் வை கார்கள் சிலவற்றின் பின்கதவுகளில் அத்திறப்பான் இல்லை என்பதை நிறுவனத்தின் கையேடே கூறுகிறது. புகை சூழ்ந்த இருளில், காயமுற்ற ஒருவர், அதுவும் அக்காரின் உரிமையாளரல்லாத ஒருவர், அதனைத் தேடிக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? வெளியே நிற்பவருக்கோ அந்தத் திறப்பான் இருந்தும் பயனில்லை. கண்ணாடியை உடைக்கலாம் என்பாரும் உளர். இன்றைய கார்கள் பலவற்றில் சத்தம் புகாமலிருக்க இரட்டை அடுக்கு ஒட்டுக் கண்ணாடி பொருத்தப்படுகிறது. அது எளிதில் உடைந்து சிதறுவதில்லை.

சீனாவின் புதிய தரநியமம் இக்குறைகளை ஒவ்வொன்றாகக் கருத்திற் கொண்டிருக்கிறது. வெளிப்புறத்தில் கை நுழைந்து பிடிப்பதற்கு 6 சென்ரிமீற்றர் நீளமும், 2 சென்ரிமீற்றர் அகலமும், 2.5 சென்ரிமீற்றர் ஆழமும் கொண்ட இடைவெளியேனும் இருத்தல் வேண்டும். விபத்தின் பின்னரும் மோதப்படாத பக்கத்துக் கதவுகள் கருவி எதுவுமின்றித் திறபட வேண்டும். உட்புறத்தில் எதை இழுப்பது என்பதைக் காட்டும் அழியாத குறியீடு இருத்தல் வேண்டும். ஐரோப்பாவில் புதிய கார்களின் பாதுகாப்பைப் பரிசோதித்து நட்சத்திரத் தரம் வழங்கும் யூரோ என்கெப் அமைப்பும், மின்சாரக் கைப்பிடிகள் மோதலின் பின்னரும் இயங்குகின்றனவா என்பதை 2026 முதல் கணக்கிலெடுக்கிறது. டெஸ்லா நிறுவனமும் மின்சாரத் திறப்பையும் கையால் திறப்பதையும் ஒரே பிடியில் இணைக்கும் புதிய வடிவமொன்றைத் தயாரித்துவருவதாக அதன் தலைமை வடிவமைப்பாளர் பிரான்ஸ் வொன் ஹோல்ஸ்ஹவுசன் 2025 செப்டெம்பரில் தெரிவித்திருந்தார். ஆக, தொழில்துறையே இத்தவறை உணர்ந்து திரும்பத் தொடங்கிவிட்டது.

இங்கேதான் இலங்கை விழிப்படைய வேண்டியுள்ளது. சீனாவின் விதி, சீனாவில் விற்பனையாகும் கார்களையே கட்டுப்படுத்தும். ஏற்றுமதியாகும் கார்களுக்கு அந்தந்த நாட்டின் விதியே விதி. கேட்கும் நாட்டுக்குக் கேட்டது கிடைக்கும். கேளாத நாட்டுக்குக் கையிருப்பில் உள்ளது கிடைக்கும். 2027க்கும் 2029க்கும் இடைப்பட்ட காலத்தில் பழைய வடிவக் கார்களின் உற்பத்தி படிப்படியாக ஓயும். ஓயும் பொருளுக்குச் சந்தை தேடப்படுவது வர்த்தகத்தின் இயல்பு. அந்தச் சந்தை நாமாக இருக்க வேண்டுமா என்பதே கேள்வி. அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீளவும் திறந்துவிடப்பட்டது. அதன் பின்னர் சீனத் தயாரிப்பு மின்சாரக் கார்கள் குறிப்பிடத்தக்க அளவில் நம் வீதிகளுக்கு வந்துள்ளன. எரிபொருட் செலவையும் நச்சுப் புகையையும் குறைக்கும் அவ்வாகனங்களின் வருகை வரவேற்கத்தக்கதே. கைப்பிடியின் குறையைச் சுட்டுவது மின்சாரக் காரை எதிர்ப்பதாகாது.

வாகனங்களின் பெறுமதி, வரி, மோட்டாரின் வலு ஆகியவை பற்றி இங்கு நடைபெறும் வாதப்பிரதிவாதங்களுக்குக் குறைவில்லை. வரி வருமானம் நாட்டுக்கு அவசியம் என்பதால் அது இயல்பே. ஆனால், ஒரு கார் எத்தனை கிலோவாட் வலுவுடையது என்று அளந்து பார்க்கும் நாடு, அதன் கதவு கையால் திறக்குமா என்று கேட்பதில்லை. வீதிப் பாதுகாப்பில் இலங்கை முன்னர் எடுத்த சில நல்ல முடிவுகள் உண்டு. 2011இல் முன்னாசனத்தில் ஆசனப்பட்டி அணிவது கட்டாயமாக்கப்பட்டது. அன்று முணுமுணுத்தவர்களும் இன்று பட்டியை இழுத்து மாட்டிய பின்னரே காரை இயக்குகின்றனர். கதவைக் கையால் திறக்கும் வசதியும் அத்தகைய அடிப்படை நிபந்தனையாக வேண்டும்.

மலையகத்துக்கு இதில் தனியான அக்கறை ஏன் என்பதை இனி நோக்கலாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக ரீதியாக முதன்முதலில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் தெல்தோட்டைக்கு அருகேதான் உள்ளது. அப்பிரதேசத்தின் வீதிகள் கோப்பியையும் தேயிலையையும் கீழே இறக்குவதற்காக அமைக்கப்பட்டவை. குறுகலானவை; ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். மழைக்காலத்தில் மூடுபனி இறங்கினால் முன்னே செல்லும் வாகனத்தின் பின்விளக்கே வழிகாட்டி. மேலே நுவரெலியாவிலும் அம்பேவெலயிலும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் அதிகாலைகளில் துகள் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடுவதும் உண்டு. கதவை உறையச் செய்யுமளவுக்கு அது பெரிதல்ல. ஆனால், மாதக்கணக்கில் நீடிக்கும் ஈரம் மின்னிணைப்புகளுக்கு நல்லதல்ல என்பதை எந்த வாகன மின் பழுதுபார்ப்பாளரும் அறிவார்.

அனைத்துக்கும் மேலாக, இங்கு விபத்து நேர்ந்தால் முதலில் வந்து சேர்பவர் யார் என்பதைச் சிந்திக்க வேண்டும். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்ல பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் மாண்டனர். இவை பஸ்கள், இவற்றுக்கும் மறைந்த கைப்பிடிக்கும் தொடர்பில்லை. ஆயினும், இரு சம்பவங்களிலும் படையினருடனும் பொலிஸாருடனும் தோளோடு தோள் நின்று காயமுற்றவர்களைத் தூக்கி மேலேற்றியவர்கள் அயலில் வாழும் சாதாரண மக்கள் என்பதை நாடு கண்டது. கண்டி மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவு தெல்தோட்டை வீதியின் ஒரு வளைவை வந்தடைவதற்குப் பெருமளவு நேரம் பிடிக்கும். 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை பாராட்டத்தக்கதாயினும் அதுவும் அதே வீதியிலேயே வரவேண்டும். அதுவரை அங்கே நிற்பவர்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களும், முச்சக்கரவண்டிச் சாரதிகளும், பாடசாலை விட்டு வரும் மாணவர்களுமே.

அவர்களிடம் கண்ணாடி வெட்டும் கருவி இல்லை. அந்தக் காரின் கையேட்டை அவர்கள் படித்ததில்லை. அது எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி என்பதும் தெரியாது. அவர்களிடம் இருப்பது இரண்டு கைகள் மட்டுமே. கதவின் கைப்பிடி என்பது காரின் உரிமையாளருக்கு மாத்திரம் உரிய வசதி அல்ல. ஆபத்தில் ஓடிவரும் அந்நியருக்கும் அது உரியது. உரிமையாளரை அடையாளங்கண்டு அவருக்கு மட்டும் நீளும் கைப்பிடி, காப்பாற்ற வந்தவருக்கு முகம் கொடுக்க மறுக்கிறது. இந்தப் பார்வையில் நோக்கினால், கைப்பிடி என்பது ஒரு பொதுப் பாதுகாப்புச் சாதனம். அதன் வடிவத்தைத் தீர்மானிக்கும் உரிமையை விற்பனைப் பிரிவுகளிடம் மட்டும் விட்டுவிட முடியாது.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் இப்பாடத்தை இன்னொரு வடிவத்தில் கற்பித்துச் சென்றது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்ட அந்த அனர்த்தத்தில் மிக அதிக உயிர்களை இழந்தது கண்டி மாவட்டமே. மண்சரிவினால் வீதிகள் துண்டிக்கப்பட்டன. மின்சாரமும் தொலைத்தொடர்பும் தடைப்பட்டன. மின்னும் இணைப்பும் எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையில் அமைக்கப்பட்ட எதுவும் அத்தகைய நாட்களில் கைகொடுப்பதில்லை. வெள்ளத்தில் அகப்பட்ட காரில் நீர் மட்டம் உயர உயர, மின்னிணைப்புகள் செயலிழக்கும் அபாயமும் உயர்கிறது. அந்தச் சில நிமிடங்களில் கையால் திறக்கும் ஒரு கதவு உயிருக்கும் மரணத்துக்கும் இடையிலான வேறுபாடாகலாம்.

ஆகவே, அரசாங்கம் செய்யவேண்டியவை தெளிவானவை. பெருஞ்செலவு கோருபவையும் அல்ல. முதலாவது, புதிய வாகனமாயினும் பாவித்த வாகனமாயினும், பக்கக் கதவுகள் யாவும் மின்சாரமின்றி உள்ளும் புறமும் கையால் திறக்க வேண்டும் என்பதை இறக்குமதி நிபந்தனையாக்குதல். சீனாவின் தரநியமத்தையே அடிப்படையாகக் கொண்டால் புதிதாக ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. இரண்டாவது, ஏற்கனவே வந்துவிட்ட கார்களில் அவசரத் திறப்பான் இருக்குமிடத்தைக் காட்டும் குறியீட்டைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் ஒட்டுமாறு இறக்குமதியாளர்களைப் பணித்தல். மூன்றாவது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் பதிவு வேளையில் பற்றரியின் இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கதவைத் திறந்து பார்க்கும் எளிய பரிசோதனையொன்றைச் சேர்த்தல். நான்காவது, தீயணைப்புப் படையினருக்கும், அம்பியூலன்ஸ் ஊழியர்களுக்கும், மலையகப் பொலிஸ் நிலையங்களுக்கும் மின்சாரக் கார்களிலிருந்து பயணிகளை மீட்கும் பயிற்சியை வழங்குதல்.

நிபந்தனை விதித்தால் கார்களின் விலை ஏறும் என்ற வாதம் எழக்கூடும். கையால் இழுக்கும் பிடியும் கம்பியும், மோட்டாரும் உணரியும் கொண்ட பிடியைவிடச் சிக்கனமானவை என்பதால் அவ்வாதம் நிலைக்காது. சிறிய சந்தையான இலங்கையின் சொல்லை யார் கேட்பார் என்ற கேள்வியும் எழலாம். நாம் தனியாகப் புதிய விதி ஒன்றை உலகின் மீது சுமத்தவில்லை. உற்பத்தி செய்யும் நாடே தன் மக்களுக்காக வகுத்த விதியை எமது மக்களுக்கும் பொருத்துமாறு கேட்கிறோம். அந்நாட்டுச் சந்தைக்காக எப்படியும் தயாரிக்கப்படவுள்ள கதவை இங்கும் அனுப்புவதில் எவருக்கும் பெருஞ்சிரமம் இருக்க முடியாது.

அரசாங்கம் செயற்படும்வரை காத்திருக்காமல் வாகன உரிமையாளர்கள் செய்யக்கூடியவையும் உண்டு. மின்சாரக் கார் வைத்திருப்போர் ஓய்வான ஒரு நாளில் அவசரத் திறப்பான் எங்கே உள்ளது எனப் பார்த்து, அதனை ஒருமுறை இழுத்துப் பழக வேண்டும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என அக்காரில் பயணிக்கும் ஒவ்வொருவரும் அதனை அறிந்திருக்க வேண்டும். வாடகைக்கு ஓட்டுவோர் பயணிகளுக்குச் சொல்ல வேண்டும். 12 வோல்ட் பற்றரி தளர்வதாக எச்சரிக்கை தோன்றினால் அதனைத் தள்ளிப்போடலாகாது. கண்ணாடி உடைக்கும் சிறு சுத்தியலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருத்தல் வேண்டும். ஆனால், தமது காரின் கண்ணாடிகளில் எது ஒட்டுக் கண்ணாடி, எது உடையும் கண்ணாடி என்பதையும் விசாரித்து வைத்திருத்தல் அவசியம். புதிதாக வாங்க எண்ணுவோர், நிறத்தையும் திரையின் அகலத்தையும் கேட்பதற்கு முன்னர், பற்றரி செயலிழந்தால் பின்கதவை வெளியிலிருந்து எப்படித் திறப்பது என்று கேட்க வேண்டும். விற்பனையாளர் அதற்குத் தடுமாறினால் அதுவே பதில்.

நோர்வேயின் பனியிலும், செங்டுவின் தீயிலும், மலையகத்தின் வெள்ளத்திலும் கதவிடம் மனிதன் எதிர்பார்ப்பது ஒன்றே: கையால் இழுத்தால் திறக்க வேண்டும். நூறாண்டுக்கும் மேலாக மோட்டார் வாகனங்கள் நிறைவேற்றிவந்த அந்த எதிர்பார்ப்பைத் தோற்றத்துக்காகக் கைவிட்டவர்களே இன்று அதனை மீட்டெடுக்கச் சட்டம் இயற்றுகின்றனர். அவர்கள் உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் விலையின்றியே கற்றுக்கொள்ளும் வாய்ப்பு இப்போது இருக்கிறது. கண்டி – தெல்தோட்டை வீதியின் ஏதோவொரு வளைவில், மழை கொட்டும் ஓர் இரவில், கவிழ்ந்த காரொன்றை நோக்கி யாரோ ஒருவர் ஓடிச்செல்லும்போது அவரது கைக்குப் பிடிக்க ஒரு பிடி இருக்குமா என்பதை, கொழும்பில் இறக்குமதி விதிகளை எழுதுவோரே இன்று தீர்மானிக்கின்றனர். அவ்விதிகளில் சேர்க்கவேண்டியது ஒரு வரிதான். அதனைச் சேர்ப்பதற்கு, நம் வீதியில் முதலாவது உயிர் போகும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?